சட்டித் தயிரும் தூள் பைக்கற்றும்: வாசகர் கேள்விகளும் வைத்தியர் பதில்களும்

அன்டிபயோட்டிக் மருந்துகளை வைத்தியர் சொன்ன அளவுக்கும் நாளுக்கும் மேலாகவோ குறைவாகவோ எடுக்கக்கூடாது என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதன் பின்னர் வந்த கடிதங்களுட் பெரும்பாலானவை, அம்மருந்துகளோடு சேர்த்து இப்போது பாமசிகளில் கொடுக்கப்படும் 'நல்ல பற்றீரியா'வைப் பற்றியே கேட்டிருந்தன. ஒரே பொருளைப் பல பக்கங்களிலிருந்து தொட்ட கேள்விகளாகையால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

சுன்னாகத்திலிருந்து ஒரு தாய்: எனது நான்கு வயது மகனுக்குக் காதில் சீழ் வைத்ததற்காக ஏழு நாள்களுக்கு அன்டிபயோட்டிக் பாணி தரப்பட்டது. மூன்றாம் நாள் வயிற்றோட்டம் தொடங்கியது. பாமசியில் 'லக்டோபசிலஸ் ரம்னோசஸ் ஜிஜி' என்று எழுதிய தூள் பைக்கற்றுகளைத் தந்தார்கள். பற்றீரியாவைக் கொல்ல ஒரு மருந்தும், பற்றீரியாவையே இன்னொரு மருந்தாகவும் ஒரே பிள்ளைக்குக் கொடுப்பது சரிதானா?

உங்கள் ஐயம் நியாயமானது. காதில் சீழை உண்டாக்கிய கிருமி எது, குடலில் குடியிருந்து பிள்ளைக்கு உதவும் நுண்ணங்கி எது என்று பிரித்தறிய அந்தப் பாணி மருந்துக்குத் தெரியாது. மனித உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பற்றீரியாக்கள் வாழ்வதாக 2016இல் வெளியான ஒரு கணிப்புச் சொல்கிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெரியகுடலில் இருக்கின்றன. நாம் சமிக்க முடியாத நாரையும் மாப்பொருளையும் அவை நொதிக்கச் செய்து, குடற்சுவரின் கலங்களுக்கு உணவாகும் சிறிய கொழுப்பமிலங்களை ஆக்கித் தருகின்றன. மருந்தினால் அந்தக் குடியிருப்புக் குலையும்போது, நொதிக்காமல் எஞ்சிய வெல்லங்கள் குடலுக்குள் நீரை இழுத்து வைத்துக்கொள்ள, வெறுமையான இடத்தில் தீய இனங்களும் பெருகத் தொடங்குகின்றன. உங்கள் மகனுக்கு மூன்றாம் நாள் வந்த வயிற்றோட்டம் பெரும்பாலும் இவ்வகையினது.

நீங்கள் பெயர் குறிப்பிட்ட பற்றீரியா, 1980களின் முற்பகுதியில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலுள்ள ரஃப்ற்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷேர்வூட் கோர்பாக், பரி கோல்டின் ஆகிய இருவர் நலமான ஒரு மனிதரின் குடலிலிருந்து பிரித்தெடுத்தது. பெயரின் முடிவிலுள்ள இரண்டு 'ஜி' எழுத்துகளும் அவ்விருவரின் குடும்பப் பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளாகும். இரைப்பையின் கடும் அமிலத்தையும், அதற்கடுத்து வரும் பித்தத்தையும் தாங்கி உயிரோடு குடலை அடையவும், அங்கே சுவரில் பற்றி நிற்கவும் வல்ல ஒன்றையே அவர்கள் தேடினார்கள். அது எவ்வாறு பற்றிக்கொள்கிறது என்பது 2009இல் தெளிவாயிற்று. அதன் மேற்பரப்பிலிருந்து மிக நுண்ணிய மயிரிழைகள் நீண்டிருப்பதையும், அவற்றிலுள்ள ஒரு புரதம் குடலின் சளிப்படலத்தைப் பிடித்துக்கொள்வதையும் பின்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

அங்கே அது செய்யும் வேலை ஒன்றல்ல. வெல்லத்தை லக்டிக் அமிலமாக மாற்றித் தன்னைச் சுற்றியுள்ள இடத்தைப் புளிப்பாக்குவதால், புளிப்பைத் தாங்காத கிருமிகள் பின்வாங்குகின்றன. உணவுக்கும் இடத்துக்கும் அவற்றோடு போட்டியிடுகிறது. குடற்சுவரின் கலங்கள் அழியாமல் காக்க உதவும் புரதங்களையும் வெளிவிடுகிறது. அது ஆக்கும் லக்டிக் அமிலத்தை உண்டு வாழும் வேறு பற்றீரியாக்கள் பியூட்டிரிக் அமிலத்தை ஆக்க, பெரியகுடற் சுவரின் கலங்கள் தமக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதியை அதிலிருந்தே பெறுகின்றன. நோயை எதிர்க்கும் நமது நிர்ப்பீடனக் கலங்கள் பல குடலைச் சூழ்ந்து காவல் நிற்பதால், கோல் வடிவான இந்தச் சிறு பற்றீரியாக்கள் அவற்றோடும் தொடர்பு கொள்கின்றன. குடலின் உட்பரப்பில் சுரக்கும், கிருமிகளை எதிர்க்கும் புரதங்களாகிய பிறபொருளெதிரிகள் கூடுவது அதன் ஒரு விளைவு.

இனி, பயன் உண்டா என்ற கேள்வி. அன்டிபயோட்டிக் எடுக்கும் பிள்ளைகளைக் கொண்டு நடத்தப்பட்ட 33 பரிசோதனைகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2019இல் ஒன்றுதிரட்டி ஆராய்ந்தது. புரோபயோட்டிக் எனப்படும் இந்த நல்ல பற்றீரியாவைப் பெற்றவர்களில் 8 வீதமானோருக்கும், பெறாதவர்களில் 19 வீதமானோருக்கும் வயிற்றோட்டம் ஏற்பட்டிருந்தது. ஏறத்தாழ ஒன்பது பிள்ளைகளுக்குக் கொடுத்தால் ஒரு பிள்ளை தப்பும் என்பது இதன் பொருள். நாளொன்றுக்கு 500 கோடிக்குக் குறையாத உயிருள்ள பற்றீரியாக்களைக் கொடுத்தபோதே பயன் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் இது வருமுன் காப்பதற்கான கணக்கு. உங்கள் மகனுக்கு வயிற்றோட்டம் தொடங்கிய பின்னரே தூள் தரப்பட்டிருக்கிறது. கொடுப்பதில் தவறில்லை. அன்டிபயோட்டிக் கொடுத்து இரண்டு மணித்தியாலங்கள் கழித்து, சூடில்லாத நீரிலோ பாலிலோ கரைத்துக் கொடுங்கள். அதை நம்பி உப்புச் சர்க்கரைக் கரைசலை மாத்திரம் விட்டுவிடாதீர்கள். வயிற்றோட்டத்தில் பிள்ளையின் உயிருக்கு ஆபத்தாவது நீரிழப்பு; அதைத் தடுப்பது ஜீவனிக் கரைசலும், உப்பிட்ட கஞ்சியும், தாயின் கவனமுமே. தொண்ணூறுகளில் இங்கே யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடையால் ஒரு பைக்கற்றுக் கூடக் கிடைக்காதிருந்த நாள்களில், உப்புக் கஞ்சியைக் கரண்டி கரண்டியாகப் பருக்கிப் பிள்ளைகளை மீட்ட தாய்மாரை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். கண் குழிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் குருதி கண்டாலோ, பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். அன்டிபயோட்டிக்கை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

இதே தூளைக் காய்ச்சலோடும் வாந்தியோடும் வரும் சாதாரண வயிற்றோட்டத்துக்கும் வீட்டில் வாங்கி வைத்திருக்க வேண்டும் என்று எண்ணாதீர்கள். அமெரிக்காவில் 971 பிள்ளைகளுக்கு இதே ஜிஜி வகையைக் கொடுத்துச் செய்த பரிசோதனையும், கனடாவில் 886 பிள்ளைகளுக்கு வேறிரு வகைகளைச் சேர்த்துக் கொடுத்துச் செய்த பரிசோதனையும் 2018இல் ஒன்றாக வெளிவந்தன. இரண்டிலுமே, தூள் பெற்ற பிள்ளைகளுக்கும் வெறும் பொடி பெற்ற பிள்ளைகளுக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. ஒரு நோய்க்குப் பயன்பட்டதென்பதற்காக அதே பற்றீரியா இன்னொரு நோய்க்கும் பயன்படும் என்று கொள்ளலாகாது. இப்பகுதியில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதையே.

சாவகச்சேரியிலிருந்து ஒரு வாசகர்: பால் குடித்தால் எனக்கு வயிறு ஊதி, இரைந்து, சில வேளை கழிந்தும் விடுகிறது. ஆனால் தயிர் எவ்வளவு சாப்பிட்டாலும் ஒன்றும் செய்வதில்லை. இரண்டும் ஒரே மாட்டிலிருந்து வருபவைதானே?

மாடு ஒன்றுதான், ஆனால் தயிரில் உங்களுக்காக முன்கூட்டியே வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள். பசுப்பாலில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பங்கு லக்டோஸ் என்னும் வெல்லம் உண்டு. அதைச் சிறுகுடலில் வெட்டிப் பிரிக்கும் லக்டேஸ் என்னும் நொதியம் குழந்தைப் பருவத்தில் தாராளமாகச் சுரந்து, வளர்ந்த பின்னர் உலக மக்களுட் பெரும்பாலானோருக்குக் குறைந்துவிடுகிறது. இது நோயன்று, மனித இனத்தின் பொதுவான இயல்பு. பிரிக்கப்படாத லக்டோஸ் பெரியகுடலுக்குப் போய் அங்கே நொதித்து வாயுவாவதையே நீங்கள் ஊதலாகவும் இரைச்சலாகவும் உணர்கிறீர்கள்.

பால் தயிராகும்போது அந்த வெல்லத்தின் ஒரு பகுதியைப் பற்றீரியாக்கள் உண்டுவிடுகின்றன. ஆனால் முக்காற் பங்களவு எஞ்சித்தான் இருக்கிறது. அதுவும் ஏன் உங்களைத் துன்புறுத்துவதில்லை என்பதற்கான விடை 1984இல் அமெரிக்காவில் செய்யப்பட்ட ஓர் ஆய்வில் கிடைத்தது. பற்றீரியாவின் கலத்துக்குள்ளேயே லக்டோஸைப் பிரிக்கும் நொதியம் இருக்கிறது. கலச்சுவர் அதற்குக் கவசமாகி இரைப்பையின் அமிலத்திலிருந்து காக்கிறது. சிறுகுடலை அடைந்ததும் பித்தம் அந்தச் சுவரைத் தளர்த்த, நொதியம் வெளிப்பட்டு உங்கள் குடல் செய்யாத வேலையைச் செய்து முடிக்கிறது. தயிரைத் தானே தன்னைச் சமிக்கும் உணவு என்று சொன்னாலும் பொருந்தும். நல்ல பற்றீரியாக்களைப் பற்றிய எத்தனையோ விளம்பரக் கூற்றுகளைத் தள்ளிவிட்ட ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு, கிராமுக்குப் பத்துக் கோடி உயிருள்ள பற்றீரியாக்கள் இருக்குமாயின் யோகட் லக்டோஸ் சமிபாட்டுக்கு உதவும் என்ற இந்தக் கூற்றை மாத்திரம் 2010இல் ஏற்றுக்கொண்டது. ஆகவே கல்சியம் கிடைக்காதே என்று கவலைப்படாமல் தயிரையும் மோரையும் தொடருங்கள்.

கோப்பாயிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை: வீட்டில் பால் காய்ச்சி உறைமோர் இட்டுத் தயிர் ஆக்குகிறேன். அப்படியிருக்க, விலை கூடிய குளிசைகளையும் சிறு போத்தல்களையும் வாங்கத்தான் வேண்டுமா?

நலமாக இருக்கும் ஒருவர் வாங்க வேண்டியதில்லை என்பது எனது உறுதியான கருத்து. ஆனால் இரண்டும் ஒன்றென்று சொல்லவும் மாட்டேன். உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு 2001இல் வகுத்த இலக்கணத்தின்படி, போதிய அளவில் உயிரோடு உட்கொள்ளப்பட்டு, உட்கொண்டவருக்கு நலம் தருவதே புரோபயோட்டிக் ஆகும். உங்கள் சட்டித் தயிரில் உயிருள்ள பற்றீரியாக்கள் கோடிக்கணக்கில் உண்டு. ஆனால் அவை எவை என்பது நேற்றைய மோரையும், பாலின் சூட்டையும், அன்றைய வெயிலையும் பொறுத்து மாறும். நமது வீடுகளின் இயல்பான வெப்பத்தில் இரவு முழுவதும் உறையும் பாலில் லக்டோகொக்கஸ் என்னும் உருண்டை வடிவினவே பெரும்பாலும் மேலோங்கும். தொழிற்சாலையில் 42 பாகை அளவில் வைத்து உறைய விடும் யோகட்டில் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தெர்மோஃபிலஸும் லக்டோபசிலஸ் பல்காரிகஸும் இணைந்து வேலை செய்யும்.

இங்கே பழைய கதையொன்று நினைவுக்கு வருகிறது. பல்கேரியாவின் தயிரிலுள்ள கோலுருப் பற்றீரியாவை ஸ்ராமென் கிரிகோரொவ் என்னும் பல்கேரிய மாணவர் 1905இல் ஜெனீவாவில் கண்டறிந்தார். பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்தவரும், நிர்ப்பீடனம் பற்றிய ஆய்வுக்காக 1908இல் நோபல் பரிசு பெற்றவருமான எலி மெச்னிகொவ், பல்கேரியக் குடியானவர்கள் நெடுங்காலம் வாழ்வதற்கு இத்தயிரே காரணம் என்று நம்பி, அதைத் தாமும் நாள்தோறும் உண்டார். பின்னர் 1920 அளவில், அந்தப் பற்றீரியா மனிதக் குடலில் நிலைத்து வாழ்வதில்லை என்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் காட்டினார்கள். மெச்னிகொவின் விளக்கம் பிழைத்தது. ஆனால் நுண்ணங்கிகள் நமக்கு நன்மையும் செய்யக்கூடும் என்று அவர் திறந்த வழியில்தான் இன்றைய ஆய்வுகள் எல்லாம் நடக்கின்றன. இன்று விற்கப்படும் புரோபயோட்டிக்குகளும் பெரும்பாலும் குடலில் குடியேறுவதில்லை. எடுப்பதை நிறுத்தினால் சில நாள்களிலோ ஓரிரு வாரங்களிலோ வெளியேறிவிடுகின்றன. போகிற வழியில் செய்வதே அவை செய்யும் உபகாரம். ஒருமுறை வாங்கி விழுங்கிவிட்டு ஆண்டு முழுவதும் பயனை எதிர்பார்ப்பதைவிட, உங்களைப் போல் நாள்தோறும் ஒரு கிண்ணம் மோர் குடிப்பது இதனாலேயே அறிவுடைய செயலாகிறது.

பாலை நன்றாகப் பொங்கக் காய்ச்சுவதை மாத்திரம் ஒருநாளும் விடாதீர்கள். பச்சைப் பாலில் காசநோய்க் கிருமியும், மாட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றும் புரூசெல்லாவும் இருக்கக்கூடும். உறைமோரைப் பால் கைச்சூடாக ஆறிய பின்னரே இடுங்கள். கொதிபாலில் இட்டால் அதிலுள்ளவை இறந்துவிடும், பாலும் உறையாது.

பருத்தித்துறையிலிருந்து உயர்தர உயிரியல் மாணவர்: பாடநூலில் 'லக்டோபசிலஸ்' என்று படித்ததே, புதிய மருந்துப் பெட்டியொன்றில் 'லக்டிகேசிபசிலஸ்' என்று இருக்கிறது. எது சரி?

தம்பி, இரண்டும் சரியே. லக்டோபசிலஸ் என்னும் சாதிப் பெயரை (பல இனங்களை அடக்கிய தொகுதியின் பெயரை) 1901இல் ஒல்லாந்தைச் சேர்ந்த பெய்ஜெரின்க் இட்டார். காலப்போக்கில் அந்த ஒரு பெயரின் கீழ் 260க்கு மேற்பட்ட இனங்கள் சேர்ந்துவிட்டன. அவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஒரே சாதி என்று சொல்ல முடியாத அளவுக்கு வேறுபாடு இருந்தது. எனவே 2020இல் அச்சாதியை 25 சாதிகளாகப் பிரித்தார்கள். ரம்னோசஸ் லக்டிகேசிபசிலஸ் ஆகவும், பிளான்டாரம் லக்டிபிளான்டிபசிலஸ் ஆகவும் மாற, 1900இல் ஆஸ்திரியக் குழந்தை வைத்தியர் ஏர்ன்ஸ்ட் மோரோ கண்டறிந்த அசிடோஃபிலஸ் பழைய பெயரிலேயே நின்றது. பரீட்சைக்குப் பாடநூலில் உள்ளதையே எழுதுங்கள்.

சாதி, இனம் ஆகியவற்றுக்குக் கீழே குலவகை என்றொன்று உண்டு. மருத்துவத்தில் அதுவே முக்கியமானது. கறுத்தக்கொழும்பானும் விலாட்டும் அம்பலவியும் மாமரம் என்னும் ஒரே இனந்தான். ஆயினும் அம்பலவிக் கன்றை நட்டுவிட்டுக் கறுத்தக்கொழும்பானை எவரும் எதிர்பார்ப்பதில்லை. 'ரம்னோசஸ்' என்பது மாமரம் என்பதைப் போல, 'ஜிஜி' என்பது கறுத்தக்கொழும்பான் என்பதைப் போல. பெட்டியில் குலவகையின் குறியீடு அச்சிடப்படாதிருந்தால், எந்த ஆய்வின் பெயரால் அது விற்கப்படுகிறது என்பதை அறிய வழியில்லை.

வேலணையிலிருந்து ஒரு வாசகி: எங்கள் அம்மம்மா பழஞ்சோற்றுத் தண்ணீரே குடலுக்கு மருந்து என்பார். உண்மையா?

இரவு மிஞ்சிய சோற்றில் நீர் ஊற்றி மூடி வைத்தால், விடியும் முன் அதில் லக்டிக் அமிலப் பற்றீரியாக்கள் பெருகி மெல்லிய புளிப்பை உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்பே சோற்றுக்குக் காவலும் ஆகிறது. அம்மம்மா சொன்னதை நான் மறுக்கமாட்டேன். எனினும் மருந்து என்ற சொல்லைவிட நல்லுணவு என்ற சொல்லையே விரும்புகிறேன். பழஞ்சோற்றை முந்தின நாட் கறியோடும் தயிரோடும் பிசைந்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொள்ளத் தந்து, கையில் கவளமாக உருட்டி வைத்த தலைமுறையில் வளர்ந்தவன் நான். அந்த வெங்காயத்தையும் கவனியுங்கள். நமது செம்மண்ணில் விளையும் வெங்காயத்தில் பிரக்டான் என்னும் நாருண்டு. அதை நாம் சமிப்பதில்லை, குடலின் நல்ல பற்றீரியாக்களே உண்கின்றன.

நல்ல பற்றீரியாவும் அதற்கு உணவாகும் நாரும் சேரும் இந்த இணைப்பின் வலிமையை இந்தியாவின் ஒடிசா மாநிலக் கிராமங்களில் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது. பிறந்த சில நாள்களேயான 4,556 குழந்தைகளுக்குத் தாய்ப்பாலோடு ஏழு நாள்களுக்கு, பிளான்டாரம் இனத்தின் ஒரு குலவகையை அதே பிரக்டான் குடும்பத்தைச் சேர்ந்த சிறு வெல்லத் தொடரோடு சேர்த்தோ, வெறும் பொடியையோ கொடுத்தார்கள். குருதி நஞ்சாதலோ இறப்போ நேர்ந்தது வெறும் பொடி பெற்றவர்களில் 9 வீதம். பற்றீரியா பெற்றவர்களில் 5.4 வீதம். 2017இல் இம்முடிவைப் படித்த அன்று, குழந்தைகள் பிரிவில் கைக்கெட்டிய மருந்தெல்லாம் கொடுத்தும் காப்பாற்ற முடியாமற்போன சிசுக்களை எண்ணி நெடுநேரம் பேசாதிருந்தேன். ஆனால் அந்தக் குழந்தைகள் நிறைமாதத்துக்கு அண்மையில், இரண்டு கிலோவுக்குக் குறையாத எடையோடு பிறந்தவர்கள். கொடுக்கப்பட்டதும் தேர்ந்து சோதித்த ஒரு குலவகை. வீட்டில் எவரும் சிசுவுக்கு மோரோ பழந்தண்ணீரோ பருக்கிப் பார்க்கக்கூடாது.

பழஞ்சோற்றில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. சோறு சமைக்கும் சூட்டில் சாகாத பசிலஸ் சீரியஸ் என்னும் பற்றீரியாவின் வித்திகள், சோற்றை வெளியில் வெறுமனே வைத்தால் முளைத்து நஞ்சை ஆக்கும். அந்த நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. சோறு ஆறியவுடன் நீர் ஊற்றுங்கள், காலையிலேயே உண்ணுங்கள், வழுவழுப்போ கெட்ட வாடையோ இருந்தால் எறிந்துவிடுங்கள்.

கொக்குவிலிலிருந்து ஒரு வாசகர்: மோர்க்குழம்பிலும், கள்ளு விட்டுப் புளிக்க வைத்த அப்பத்திலும் இந்த நன்மை உண்டா?

உயிருள்ள பற்றீரியா இராது. 60 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் அவை அழிந்துவிடும். புளிப்பால் வந்த சுவையும் மென்மையும் எஞ்சும்.

நெல்லியடியிலிருந்து ஒரு வாசகி: எனது கணவர் புற்றுநோய்க்காக மருந்து ஏற்றிக்கொள்கிறார். உடம்பு தேறட்டும் என்று வெளிநாட்டிலிருந்து மகள் புரோபயோட்டிக் குளிசைகள் அனுப்பியிருக்கிறாள். கொடுக்கலாமா?

இப்போது கொடுக்க வேண்டாம், அம்மா. மகளின் அன்பு எனக்கு விளங்குகிறது. ஆனால் இவை உயிருள்ளவை என்பதை மறக்கக்கூடாது. நலமானவரின் குடற்சுவரும் வெண்குருதிக் கலங்களும் இவற்றை உரிய இடத்தில் நிறுத்தி வைக்கும். வெண்குருதிக் கலங்கள் குறைந்து, குடலின் உட்படலமும் மருந்தினால் புண்பட்டிருக்கும்போது, சாதாரணமாகத் தீங்கற்ற பற்றீரியாவும் குருதிக்குள் புகுந்துவிடலாம். நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சியுற்ற 298 நோயாளருடன் நடந்த ஆய்வில், பல பற்றீரியாக்கள் கலந்த புரோபயோட்டிக் பெற்றவர்களில் 16 வீதமானோர் இறந்தார்கள். பெறாதவர்களில் இறந்தோர் 6 வீதம். நன்மையை எதிர்பார்த்துத் தொடங்கிய அந்த ஆய்வின் முடிவு 2008இல் வெளிவந்தபோது வைத்திய உலகமே அதிர்ந்தது. குறைமாதச் சிசுக்களுக்கு இவற்றைக் கொடுப்பதைப் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் 2023இல் எச்சரித்திருக்கிறது.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் குளிசைப் போத்தலையே கையோடு கொண்டுசென்று, கணவரின் வெண்குருதிக் கல எண்ணிக்கையைப் பார்த்துச் சொல்லுமாறு அவருடைய வைத்தியரிடம் கேளுங்கள். வீட்டில் உறைய வைக்கும் தயிரைப் பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள். எண்ணிக்கை மிகக் குறைந்திருக்கும் நாள்களில் அதையும் சிறிது காலம் நிறுத்தி வைக்கச் சொல்லக்கூடும். அதுவரை நன்றாக வெந்த சோறும், கொதிக்க வைத்த பருப்பும், காய்ச்சி ஆறிய நீரும் கொடுங்கள்.